கைப்பிடிச்சுவர் இல்லாத வீடுகள்

கடந்த தவக்காலத்தில் ஒரு மாலை, எர்ணாவூரில் ஓர் இல்லத்தில் அன்பியச் செபக்கூட்டம் நடைபெற்றது. அவ்வீட்டு ஆயா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பை ஒட்டிய தொடையெலும்பு முறிந்து, அறுவை மருத்துவம் முடிந்து படுக்கையில் கிடந்தார். செபமாலை சொன்னோம், திருப்பாடல் ஒன்று வாசிக்கப்பட்டது. இறுதியாக, செபத்தை வழிநடத்திய அன்பர், "எல்லாம் உமது திருவுளப்படியே நடக்கிறது, ஆண்டவரே! இந்தச் சிலுவையைச் சுமக்கும் வலிமையை இந்தத் தாய்க்குத் தாரும்" என்று மன்றாடினார். அனைவரும் 'ஆமென்' என்றோம். நானும் சொன்னேன்.

கூட்டம் கலைந்தபின் கை கழுவுவதற்காக வீட்டின் பின்புறம் சென்றேன். மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடத்தில் கட்டப்பட்டிருந்தது அந்தக் குளியலறை. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பு. அதைத் தாண்டினால் தரை இன்னும் கீழே இறங்குகிறது. தரையில் வழவழப்பான வெள்ளை டைல்ஸ். குந்தி அமரும் கழிப்பிடம். எழும்போது பற்றிக்கொள்ள அங்கே இருந்த ஒரே பொருள் துண்டு போடும் பிளாஸ்டிக் கம்பி. அது ஒரு முனை பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விழும்போது அந்த ஆயா அதைத்தான் பற்றியிருக்கிறார். கதவு உள்நோக்கித் திறப்பது. விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ள, மகன் அதை உடைத்துத்தான் தாயைத் தூக்க முடிந்ததாம். விளக்கின் சுவிட்சு சமையற்கட்டின் மறுகோடியில்.

இத்தனையையும் கண்ட பிறகு, சற்றுமுன் நான் சொன்ன 'ஆமென்' எனக்கே கூசியது. அந்தத் தாய் விழுந்ததை ஆண்டவரின் திருவுளம் என்று சொல்ல நமக்கு என்ன துணிவு! வழுக்கும் தரையை அமைத்தவர்கள் நாம். பற்றிக்கொள்ளக் கம்பி வைக்காதவர்கள் நாம். சுவிட்சைத் தொலைவில் வைத்தவர்கள் நாம். நம் கவனக்குறைவுக்கு இறைவனின் திருப்பெயரைச் சூட்டி, அதன்மேல் செபமாலையையும் சாத்தி விடுகிறோம். இதைப் பக்தி என்று நான் ஒப்ப மாட்டேன்.

இரத்தப்பழி யார்மேல்?

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் எட்டாம் வசனமாக ஒரு சிறிய கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும்; எழுப்பாமல் விட்டு, எவராவது அங்கிருந்து விழுந்தால், அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. பறவைக் கூட்டைப் பற்றிய ஒரு கட்டளைக்கும் திராட்சைத் தோட்டத்தில் விதைப்பதைப் பற்றிய ஒரு கட்டளைக்கும் நடுவில் அது ஒதுங்கி நிற்கிறது. அதைப் பற்றி ஒரு மறையுரை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இக்கட்டளையை ஊன்றி நோக்குங்கள். விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று அது கேட்கவில்லை. அவனுக்கு வயது என்ன, கண்பார்வை எப்படி, 'பார்த்து நட' என்று யாராவது எச்சரித்தார்களா என்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரனை நோக்கி ஒரே ஒரு கேள்வி: சுவர் வைத்தாயா? மனிதன் தடுமாறக் கூடியவன் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, வீடு அதற்கேற்றாற்போல் அமைய வேண்டும் என்று இறைவன் விதிக்கிறார். அப்படியானால் திருவுளம் எங்கே இருக்கிறது? விழுவதிலா, விழாமல் தடுக்கும் சுவரிலா?

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தையும் நினைத்துப் பாருங்கள். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. 'வழியில்லையே, எல்லாம் விதி' என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. வீட்டின் கூரையையே பிரித்து அவரை உள்ளே இறக்குகின்றனர். நடக்க இயலாத ஒருவருக்காக ஒரு கட்டடம் மாற்றப்பட்டதைச் சொல்லும் நிகழ்ச்சி இது. கூரையைப் பிரித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றே நற்செய்தியாளர் எழுதுகிறார். நம் வீடுகளில் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. குளியலறை வாசலில் இருக்கும் தடுப்பை இடித்துச் சாய்வாக்கினால் போதும். அந்த அளவுக்காவது நம் நம்பிக்கை இருக்கிறதா?

ஓய்வுபெறும் நாளும் எழும்பும் வீடும்

வடசென்னையின் தொழிற்சாலைப் பகுதியில் ஒரு வீடு எப்படி எழுகிறது என்பதை நாமெல்லாம் அறிவோம். இலாரித் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, தீப்பெட்டித் தொழிற்சாலை, மணலி சுத்திகரிப்பு நிலையம், 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், துறைமுகம் என்று இவற்றை நம்பி வந்து குடியேறியவர்கள் நம்மில் பலர். சங்குச் சத்தத்துக்கு எழுந்து, மூன்று ஷிப்டும் பார்த்து, ஓர் அறையும் ஓலைச் சார்ப்பும் என்று தொடங்கிய வீட்டைத் தவணை தவணையாக வளர்த்தவர்கள். 58 வயதில் வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் கைக்கு வருகின்றன. ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் ஒரே தடவையாகக் காணும் பெருந்தொகை அதுதான்.

அத்தொகை எங்கே போகிறது? மகளின் திருமணம் முதல் பங்கு கேட்கிறது, அது நியாயம். மிச்சத்தில் மாடி எழுகிறது. முன்னறைக்குக் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ், வாசலுக்குக் கருங்கல் பலகை, மதிலுக்கு எஃகுக் கதவு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டால் முன்பணம் அதிகம் கிடைக்கும் என்று பெற்றோர் மாடிக்குக் குடிபோவதும் உண்டு. மாடிக்கு ஏறும் படியோ இடத்தை மிச்சம் பிடிக்கத் தெருப்பக்கம் செங்குத்தாக எழுப்பப்படுகிறது. படியின் உயரம் ஆறு அங்குலமும் கால் வைக்கும் அகலம் ஓர் அடியும் இருந்தால் முதியவர் மூச்சு வாங்காமல் ஏறலாம். நம் படிகள் ஒன்பது அங்குலம் உயர்ந்து, முக்கால் அடிகூட அகலமில்லாமல் நிற்கின்றன. கைப்பிடி 'பிறகு வைத்துக்கொள்ளலாம்' என்று விடப்படுகிறது. அந்தப் பிறகு வருவதே இல்லை.

இதனோடு தெருவும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, நேற்றுத் தெருவுக்குச் சமமாக இருந்த வீடுகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. 2015ஆம் ஆண்டு வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளமும் கற்பித்த பாடத்தால், புதிதாகக் கட்டுவோர் தரைமட்டத்தை மூன்றடி, நான்கடி உயர்த்துகின்றனர். தண்ணீருக்கு அஞ்சி உயர்த்துவது அறிவுடைமைதான். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறும் நான்கைந்து படிகளைக் கைப்பிடியின்றித் தெருவோரத்தில் நெருக்கி வைக்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் முதியவர் தண்ணீரிலிருந்து காப்பாற்றப்பட்டுச் சிறையில் அடைக்கப்படுகிறார். ஓராண்டில் சந்தைக்குப் போவது நிற்கிறது. மறு ஆண்டில் ஞாயிறு திருப்பலி நிற்கிறது. 'அப்பாவுக்கு வெளியே வரவே பிடிப்பதில்லை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் ஓடுகிறது. நிலையங்களில் மின்தூக்கியும் உண்டு. தம் வீட்டின் ஐந்து படிகளை இறங்க முடியாதவருக்கு அந்த மின்தூக்கியால் என்ன பயன்?

வீட்டுக்கு வரைபடம் போடும்போது மேஸ்திரியிடம் எத்தனையோ கேட்கிறோம். பூசையறை எங்கே, அலமாரி எங்கே, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். 'எனக்கு 75 வயதாகும்போது இந்த வீட்டில் நான் எப்படி நடப்பேன்?' என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஓய்வுபெற்று வாழப் போகிறவரின் பணத்தில் கட்டப்படும் வீட்டில், அவருடைய முதுமைக்கு மட்டும் இடமில்லை!

அரசு கட்டியதும் அவ்வாறே

இது தனிமனிதரின் பிழை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வடசென்னையின் குப்பங்களையும் தாக்கியது. வீடிழந்த கடலோர மக்களுக்காக எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 'சுனாமி குடியிருப்பு' என்பதே இன்றும் மக்கள் வழங்கும் பெயர். மணலில் பாய் விரித்து வாழ்ந்து, வாசலைத் தாண்டினால் கடல் என்று இருந்தவர்களுக்கு, மாடிப்படி ஏறிச் செல்லும் சிறு வீடுகள் தரப்பட்டன. தலைக்கு மேல் உறுதியான கூரை கிடைத்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலைபின்னித் தேய்ந்த முழங்கால்களோடு மேல்தளத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு கிழவனார் இனி எப்படிக் கீழே இறங்கி வருவார் என்று கோப்பில் கையெழுத்திட்ட எவரேனும் எண்ணினார்களா?

இதை வசதி பற்றிய பேச்சு என்று ஒதுக்குவோர் 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவை நினைத்துக்கொள்ளட்டும். நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர் ஆகிய பகுதிகளின் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஓடத் தெரிந்தவர்கள் ஓடினோம். எழுந்து நிற்கவே ஓர் ஆள் தேவைப்படுகிறவர்கள் அந்த இருட்டில் என்ன செய்திருப்பார்கள்? அதே மாதம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள்ளும் படிந்தபோது, இளைஞர்களே வழுக்கி விழுந்த தரையில் முதியவர்கள் எப்படிக் கால் வைத்திருப்பார்கள்? ஆலைகளுக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நமக்கு, படியோரக் கைப்பிடி உயிர்காக்கும் கருவி.

விழுதல் சிறிய செய்தியன்று

'வயதானால் விழத்தான் செய்வார்கள்' என்பது நம்மிடையே வழங்கும் ஆறுதல் மொழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் மட்டுமே உயிரிழக்கின்றனர். அவர்களுள் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அந்த வயதைத் தாண்டியவர்.

விழுதலுக்குக் காரணங்கள் மறைவானவை அல்ல. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு அடர்த்தி குறைகிறது. கண்புரை படியின் விளிம்பை மறைக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகள் சிலருக்குப் படுக்கையை விட்டுச் சட்டென எழும்போது தலைசுற்றலைத் தருகின்றன. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை மழுங்கச் செய்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. இவ்வாறு தளர்ந்த உடலோடு, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஈரமான டைல்ஸில் கால் வைக்கிறார். தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. அதற்குப் பின் வருவது படுக்கைப் புண், நுரையீரல் சளி, பிறர் கையால் கழிப்பிடம். விழுந்த அன்றே இறந்திருந்தால் நலமாயிருந்திருக்குமே என்று பெற்றவரே கண்ணீர் விடும் நிலை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கென ஒரு பிரிவு 1978இலேயே தொடங்கப்பட்டது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் 2024இல் திறக்கப்பட்டது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் குளியலறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

'கொர்பான்' என்னும் சாக்கு

'பணத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனதே 2014 செப்டம்பரில்தான். அத்தகைய தொகையை நம்பி முதுமையில் எவரும் வீட்டைத் திருத்த முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: கையில் பணமும் காலில் வலுவும் இருக்கும் 58 வயதிலேயே இதைச் செய்தாக வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி ஒன்றின் விலை சில நூறு ரூபாய். நான் சொன்ன அந்த ஆயாவின் அறுவை மருத்துவச் செலவில் நூறில் ஒரு பங்கு, அவர் விழாமலிருக்கப் போதுமாயிருந்திருக்கும்.

பணம் இல்லை என்கிற நாம்தான் திருமுழுக்கு விருந்துக்கும் முதல் நற்கருணை விருந்துக்கும் பந்தி மேல் பந்தி வைக்கிறோம். திருவிழாத் தேருக்கு விளக்கு அலங்காரம் உபயம் செய்து, பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் யாரைச் சாடுகிறார்? தாய் தந்தைக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் கைகழுவியவர்களை! இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சொல் நம்மிடையே உயிரோடுதான் இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது.

வேறு சிலர், 'எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மருமகள் கைபிடித்து அழைத்துப் போவாள், கம்பி எதற்கு?' என்பார்கள். அன்பு இருக்கும் இடத்தில் கம்பி தேவையில்லை என்பது இவர்கள் எண்ணம். மருமகள் வேலைக்குப் போயிருக்கும் பகல் பதினோரு மணிக்கு என்ன செய்வது? இரவு இரண்டு மணிக்கு அவளை எழுப்பக் கூசி, தனியே எழுந்து நடந்துதானே பெரும்பாலோர் விழுகின்றனர்? கழிப்பறைக்குத் தானே சென்று தானே திரும்புவது மனித மாண்பின் ஒரு கூறு. ஒருவரைத் தூக்கிச் சுமப்பது அன்பின் செயல் என்பதில் ஐயமில்லை; தூக்க வேண்டிய நிலை வராமல் காப்பதும் அன்பின் செயலே. தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த மனைவிமாரையும் மருமகள்களையும் எண்ணிப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும்.

முதியவர்களிடமும் ஒரு சொல். 'எனக்கு என்ன கிழமாகிவிட்டதா? கம்பி போட்டால் ஊனம் என்று ஊர் பேசும்' என்று தடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. பேருந்தில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கிறீர்கள். அங்கே மானம் போகவில்லை. வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில், பாதுகாப்புத் தடுப்பு இல்லாத இயந்திரத்தை இயக்க மாட்டோம் என்று சங்கம் வைத்துப் போராடியவர்கள் நீங்கள். அந்த உரிமையை உங்கள் வீட்டுக் குளியலறையில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்?

முதியோர் இல்லத்தைத் தூற்றினால் போதுமா?

நம் மேடைகளில் எளிதாகக் கைதட்டல் பெறும் பொருள் முதியோர் இல்லம். பெற்றோரை அங்கே விட்ட பிள்ளைகளைத் தூற்றிவிட்டு, 'நாங்கள் அப்படிச் செய்யவில்லை' என்ற நிறைவோடு வீடு திரும்புகிறோம். அந்த வீட்டில் பெற்றோர் எப்படி இருக்கிறார்கள்? 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்கிறது. உறைவிடம் தருகிறோம் என்போம். காலை வைத்தால் வழுக்கும் இடத்தை உறைவிடம் என்று எப்படி அழைப்பது?

ஏழை முதியோருக்காக உலகெங்கும் இல்லங்களை நடத்திவரும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை எப்படித் தோன்றியது தெரியுமா? 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டில் வீட்டுவேலை செய்து பிழைத்துவந்த ஜீன் ஜூகன் என்ற 47 வயதுப் பெண், பார்வையிழந்து பக்கவாதமும் கண்ட ஒரு மூதாட்டியைத் தம் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரைத் தம் படுக்கையில் கிடத்திவிட்டு, தாம் பரணுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அப்புனிதையின் முதல் செயல் ஒரு வீட்டுக்குள் இடங்களை மாற்றியதுதான்: ஏற முடிந்தவள் மேலே, ஏற முடியாதவள் கீழே. நாமோ வாடகைக்காகப் பெற்றோரை மேலே ஏற்றுகிறோம்.

பிற நாடுகளையும் பாருங்கள். சப்பானில் 2000ஆம் ஆண்டு வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில், கைப்பிடி பொருத்தவும் வாசற்படியைச் சமன்செய்யவும் இரண்டு இலட்சம் யென் வரையிலான வேலைக்கு உதவி கிடைக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், அரசு அடுக்குமாடி வீடுகளில் முதியோருக்குக் கைப்பிடிக் கம்பி, வழுக்காத் தரைப்பூச்சு, சாய்தளம் ஆகியவற்றைப் பெரும்பகுதி அரசுச் செலவிலேயே அமைத்துத் தரும் திட்டம் 2012 முதல் நடந்துவருகிறது. அங்கும் எர்ணாவூரைப்போல் அரசு கட்டிய அடுக்குமாடிகள்தாம். முதுமைக்கு ஏற்ப அவற்றை மாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் குடியிருப்பு வாரியத்திடம் இதை உரிமையோடு கேட்க நாம் தயங்குவது ஏன்?

செய்யக் கூடியவை

சாடிவிட்டு ஒதுங்குவது என் நோக்கமன்று. செய்ய வேண்டியவை எளியவை.

முதலில் கழிப்பறை. குந்தும் கழிப்பிடத்தை நாற்காலிபோல் அமரும் பீங்கானாக மாற்றுங்கள். இருக்கை உயரம் ஒன்றரை அடி இருக்கட்டும். மாற்ற இயலாதவர்கள் அதன்மேல் வைக்கும் இருக்கையை வாங்கலாம். 'பழக்கமில்லை, அருவருப்பு' என்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் வைத்துக்கொண்டால் சில நாளில் பழகிவிடும். அமரும் இடத்தருகே சுவரில் ஒரு கைப்பிடி, குளிக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி. இரண்டும் செங்கற்சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் கொண்டு இறுக்கப்பட வேண்டும். துண்டுக்கம்பி கைப்பிடி ஆகாது. தரைக்கு வழவழப்பான டைல்ஸை விலக்கிச் சொரசொரப்பானதைப் பதியுங்கள்; குளிப்பதற்குக் கால் அகன்ற ஸ்டூல் ஒன்று போடுங்கள். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக் கூடியதாய் இருக்கட்டும்.

அடுத்து, படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழி. அதில் வயரும் மிதியடியும் சாமானும் கிடக்கக் கூடாது. இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சுவிட்சு கட்டிலருகே இருக்கட்டும். கட்டில், கால் தரையில் ஊன்றும் உயரத்தில் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு இருபுறமும் கைப்பிடி. படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணக் கோடு. வாசலில் இடமிருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம். இடமில்லையேல் அகன்ற தாழ்ந்த படிகளும் உறுதியான கைப்பிடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவர் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். வாடகைக்காரர் மேலே போகட்டும்.

பங்கும் செய்யக் கூடியது உண்டு. நம் பகுதியில் ஓய்வுபெற்ற வெல்டர்களுக்கும் பிட்டர்களுக்கும் எலக்ட்ரீசியன்களுக்கும் பஞ்சமா? ஓர் அன்பியத்துக்கு இருவர் முன்வந்தால், ஓராண்டுக்குள் பங்கின் ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் ஒரு கைப்பிடியாவது பொருத்திவிடலாம். இயலாதோர்க்குக் கம்பியின் விலையை வின்சென்ட் தே பவுல் சபை ஏற்கட்டும். புது வீட்டை மந்திரிக்க அழைக்கப்படும் பங்குத்தந்தையர், தீர்த்தம் தெளித்துக்கொண்டு குளியலறைப் பக்கமும் வந்து, 'கைப்பிடி எங்கே?' என்று ஒரு சொல் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பத்து மறையுரைகளுக்கு ஈடாகும். அப்படியே நம் ஆலய வாசலையும் பார்க்கட்டும். பளிங்குப் படிகள் இருந்து சாய்தளம் இல்லாத ஆலயம், 'வாருங்கள்' என்று மணியடித்து அழைத்துவிட்டு வாசலில் தடுப்பது போலாகும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை நான்காம் ஞாயிறன்று, புனிதர்கள் சுவக்கின், அன்னா திருவிழாவை ஒட்டி அதைக் கொண்டாடுகிறோம். முதியோருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். வரும் ஆண்டில் சால்வைக்குப் பதிலாக ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்தால் என்ன?

சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். அந்நேரமுதல் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார். அந்த வீடு எப்படியிருந்தது என்று நற்செய்தி கூறவில்லை. மரியா விழாமலிருக்க அச்சீடர் விளக்கை ஏற்றி வைத்திருப்பார், இடறும் கல்லை அகற்றியிருப்பார் என்று நம்புகிறேன். ஏற்றுக்கொள்வது என்றால் அதுதானே பொருள்?

அடுத்த முறை ஒரு முதியவரின் படுக்கையருகே செபிக்க நம்மை அழைக்கும்போது, செபமாலையோடு ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்வோம். முதலில் குளியலறையைப் பார்ப்போம். அதன்பின் முழங்காலிடுவோம். அப்போது நாம் சொல்லும் 'ஆமென்' கூசாது.